நூற்றெண்பதுக்கு மேல் வேண்டாம்

அம்மருட், ஒஸ்லோ
14 ஜனவரி 2024

தம்பி அல்பிரட்,

இது உன் அக்கா அனஸ்ரேசியா. பெயரைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடுவாயோ என்ற பயத்தில் உறையின் பின்பக்கத்தில் பெயர் எழுதவில்லை. உன் விலாசம் சற்குணம் அண்ணை தந்தது. கோடையில் நோர்வேயின் வடக்குக் கடைசித் தொங்கலுக்கு, வார்டோவுக்கு வந்தபோது மீன் தொழிற்சாலை வாசலில் உன்னைக் கண்டவராம். "மெலிஞ்சு போனான், ஆனால் தெளிவாய்க் கதைச்சான்" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எனக்கு எம்.எஸ். என்கிற நரம்பு வருத்தம் வந்து நாலு வருடமாகிறது. காலையில் எழும்பும்போது இரண்டு காலும் மரக்கட்டை போல இறுகிக் கிடக்கும். பிறகு தன்பாட்டில் உதறும். பாலர் பாடசாலைச் சமையலறை வேலையை விட்டுவிட்டேன். குளிசைகளை மாற்றி மாற்றித் தந்தார்கள். வாய்க்குள் அடிக்கிற ஸ்பிரே ஒன்று தந்தார்கள், வாய் முழுக்கப் புண் வந்தது. கடைசியில் நரம்பு டொக்டர் ஜூலியா சிறப்பு அனுமதி எடுத்து ஒரு மருந்து தந்திருக்கிறா. அது காய்ந்த பூ. என்ன பூ என்று இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். உனக்கு விளங்கும்.

அதைக் கொளுத்திப் புகைக்கக் கூடாதாம். கைக்குள் அடங்குகிற ஒரு கருவிக்குள் போட்டு, சூடாக்கி, வருகிற ஆவியை மட்டும் இழுக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் தாதி பத்து நிமிடத்தில் எல்லாம் காட்டினா. விளங்கினதா, விளங்கினதா என்று அவ கேட்கக் கேட்க நான் "யா, யா" என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்தால் ஒன்றும் நினைவில்லை.

மணம் படிக்கட்டுக்குப் போய்விடும் என்று முதலில் பல்கனியில் வைத்துப் பார்த்தேன். வெளியே மைனஸ் பதினாலு. கருவி சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிட்டது. பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, சூட்டைக் கடைசி இலக்கம் வரைக்கும் ஏற்றி, ஒரே மூச்சாய் இழுத்தேன். தொண்டை எரிந்தது. இருமி இருமி நிலத்தில் இருந்துவிட்டேன். நெஞ்சு அடித்த அடியில் இன்றோடு சரி என்று நினைத்தேன். அத்தான் வெளியே நின்று கதவைத் தட்டுகிறார். "அனஸ்ரா, அம்புலன்சுக்கு அடிக்கட்டே?" "வேண்டாமப்பா, பொலிசும் சேர்ந்து வரும்" என்று கெஞ்சினேன். டொக்டர் தந்த கடிதம் அலுமாரிக்குள் இருக்கிறது. இருந்தும் பயம்.

யாரிடம் கேட்க? கோயில் ஆட்களிடம் ஒருவரிடம் சொன்னால் அடுத்த ஞாயிறு பூசைக்கு முன்னம் நோர்வே முழுக்கத் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தவர்களில் இதைப் பற்றி அறிந்தவன் நீ ஒருவன்தான். நீ இந்த வீட்டை விட்டுப் போன கதையை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. இதை மட்டும் சொல்லித் தா.

அக்கா


வார்டோ
29 ஜனவரி

அக்கா,

பன்னிரண்டு வருடம். ஒரு கடிதம். அதிலும் கஞ்சா இழுப்பது எப்படி என்ற கேள்வி.

பெயரை எழுதப் பழகுங்கள். கஞ்சா. டொக்டர் தந்தாலும் அதுதான் பெயர். நான் இழுத்தபோதும் அதுதான் பெயர்.

அன்றைக்கு நீங்கள் பொலிசைக் கூப்பிட்டதற்கு எனக்குக் கோபமில்லை. உங்கள் மகள் கரோலினாவை நிலக்கீழ்ச் சாமான் அறைக்குள் கொண்டுபோய்ப் பூட்டியது நான். ஆறு வயதுப் பிள்ளை. சுவருக்குள் ஆட்கள் இருந்து கதைக்கிறார்கள், அவளைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று முழுசாக நம்பினேன். மூன்று மணித்தியாலம். கதவை உடைத்தது சரி. ஆனால் அதற்குப் பிறகு ஐந்து மாதம் மனநல வார்டில் கிடந்தேன். ரீ-பான ரயில் ஏறினால் அரை மணித்தியாலத்தில் வந்துவிடலாம். நீங்கள் ஒருநாளும் வரவில்லை. அதுதான் கோபம்.

பதினொரு வருடமாக நான் தொடவில்லை. உங்கள் கடிதத்தை வாசித்தபோது வாயில் எச்சில் ஊறியது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அந்தக் கடிதத்தை வீட்டில் வைத்திருக்கப் பயந்து தொழிற்சாலை லொக்கருக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். ஒரு துண்டு காகிதத்துக்கே இப்படி என்றால் யோசித்துப் பாருங்கள்.

தாதியிடம் போய்த் திரும்பக் கேளுங்கள். விளங்கவில்லை என்று சொல்ல நோர்வேஜிய மொழியில் இரண்டு சொல் போதும். என்னிடம் கேட்காதீர்கள்.

அல்பிரட்

பி.கு. நின்றுகொண்டு இழுக்க வேண்டாம், கதிரையில் இருங்கள். சூடு நூற்றெண்பதுக்கு மேல் வேண்டாம். பல்கனியில் வேண்டாம், குளிரில் பற்றரி செத்துவிடும்.


அம்மருட்
8 பெப்ரவரி

தம்பி,

பின்குறிப்பில் நீ எழுதின மூன்றையும் செய்தேன். இருமல் குறைந்தது. நெஞ்சடிப்பும் இல்லை. ஆனால் காலுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. போன செவ்வாய் காலை குளியலறைப் படியில் கால் உதறி விழுந்து, கைப்பிடியில் நாடி அடிபட்டது. இரண்டு தையல்.

நான் ஏன் வார்டுக்கு வரவில்லை என்று கேட்டிருக்கிறாய். கேட்கவில்லை, குற்றம் சொல்லியிருக்கிறாய். சரி. அம்மாவின் தம்பி யோசேப்பு மாமாவை உனக்கு நினைவிருக்காது, நீ சின்னப்பிள்ளை. அவரை மன்னாரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டி வைத்திருந்ததை நான் பார்த்தேன். என்னைப் பார்த்து, "பிள்ளை, உனக்குப் பின்னால நிக்கிறவனைப் போகச் சொல்லு" என்றார். எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. அவர் சாகும்வரை அப்படியேதான். உன்னை அந்தக் கோலத்தில் பார்த்தால் என் மனது உடைந்துவிடும் என்று பயந்தேன். ஒவ்வொரு கிழமையும் நாளைக்குப் போவோம் என்பேன். அப்படியே ஐந்து மாதம் போய்விட்டது. பிறகு எந்த முகத்தோடு வருவது?

உன்னிடம் கேட்டது பிழை என்று தெரிகிறது. வாயில் எச்சில் ஊறியது என்ற இடத்தை வாசித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இருந்தாலும் ஒன்றை மட்டும் கேட்டுவிடுகிறேன், விரும்பினால் பதில் எழுது. தாதியிடமும் திரும்பப் போனேன். அவ நல்லவதான். ஆனால் அவவிடம் கேட்க முடியாதது இது. இதை இழுத்தால் நானும் உன்னைப் போல ஆகிவிடுவேனா? கால் போனாலும் பரவாயில்லை தம்பி. புத்தி போய், நாளைக்கு நான் கரோலினாவை எங்கேயாவது கொண்டுபோய்ப் பூட்டினால்?

அக்கா


வார்டோ
13 பெப்ரவரி

அக்கா,

யோசேப்பு மாமாவைப் பற்றி எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. வார்டில் இருந்தபோது குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இல்லை என்றேன். தெரியாமல் சொன்னேன்.

நீங்கள் தெரிந்துகொண்டு என்ன சொன்னீர்கள்? டொக்டர் ஜூலியா உங்களிடமும் கேட்டிருப்பா. கேட்காமல் இந்த மருந்தைத் தரமாட்டார்கள். மாமாவையும் என்னையும் பற்றிச் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் அதைச் சொல்லும் வரைக்கும் கருவியைத் தொடாதீர்கள்.

உங்கள் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நான் எழும்பினதில் இருந்து படுக்கும் வரை இழுத்தேன். கிடைத்ததில் கடுமையானதைத் தேடி இழுத்தேன். நித்திரை இல்லை. கடைசி வருடம் உங்களிடம் இருப்பது போல ஒரு கருவிதான் வைத்திருந்தேன். புகை இல்லை, நெஞ்சுக்கு நல்லது என்று நினைத்து முன்னையதைவிட இரண்டு மடங்கு இழுத்தேன். கருவி நல்ல கருவி. தலைக்குள் போகிறது அதே சாமான்தான். ஆகவே பயப்படுவது சரி. பயந்தபடியே, டொக்டருக்குத் தெரியச் செய்யுங்கள்.

டொக்டர் ஓம் என்று சொன்னால் மட்டும் இதற்குக் கீழே இருப்பதை வாசியுங்கள். தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் ஆட்களுக்கு நடுவில் இருந்து எழுதுகிறேன். தனிய இருந்து எழுதமாட்டேன்.

பூவை மாவாக அரைக்க வேண்டாம். நீங்கள் மிளகு தட்டுகிற மாதிரி தட்டியிருப்பீர்கள், அது பிழை. தூள் கருவிக்குள் இருக்கிற சல்லடையை அடைக்கும், வாய்க்குள்ளும் வரும். தேயிலைச் சக்கை அளவுக்கு உதிர்ந்தால் போதும். குழிக்குள் தளர்வாகப் போடுங்கள். விரலால் அமத்தினால் காற்று போகாது, அடியில் இருப்பது கருகும், மேலே இருப்பது பச்சையாகவே கிடக்கும். அளவு டொக்டர் சொன்னதுதான். அதற்கு மேல் ஒரு நெல்மணி கூட வேண்டாம்.

சூட்டை நூற்றெழுபத்தைந்தில் வையுங்கள். விளக்கு பச்சையான பிறகும் அரை நிமிடம் பொறுங்கள். பிறகு மெல்ல இழுங்கள். சூடான தேத்தண்ணியை உறிஞ்சுகிற மாதிரி. மூச்சை அடக்கி வைக்க வேண்டாம், அதனால் இருமல்தான் வரும். வெளியே விடும்போது ஆவி தெரியாவிட்டால் வேலை செய்யவில்லை என்று நினைத்துச் சூட்டை ஏற்றாதீர்கள். எல்லாரும் விடுகிற பிழை அது. இரண்டு தரம் இழுத்துவிட்டுக் கால் மணித்தியாலம் சும்மா இருங்கள். கால் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் மூன்றாவது.

முடிந்த பிறகு குழிக்குள் இருப்பது மண்ணிறமாக இருக்க வேண்டும். கறுப்பாக இருந்தால் எரித்திருக்கிறீர்கள். கருவி இளஞ்சூடாக இருக்கும்போதே தூரிகையால் தட்டிவிடுங்கள். கிழமைக்கு ஒருதரம் சல்லடையைக் கழற்றி ஸ்பிரிட்டில் ஊறவைத்து, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். சல்லடை அடைத்தால் ஆவி குறையும். குறைந்தால் நீங்கள் சூட்டை ஏற்றுவீர்கள்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள். அத்தான் மற்ற அறையில் இருக்கட்டும், பஸ் ஓடுகிற மனுசன்.

எழுதி முடித்துவிட்டேன். மார்க் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் இங்கே போர்க்லிப்ற் ஓடுகிற மன்னார் ஆள். குடியை விட்டுப் பதினெட்டு வருடம். நாங்கள் சில பேர் கிழமைக்கு ஒருதரம் கூடிக் கதைப்போம், அவர்தான் அதை நடத்துகிறார்.

அல்பிரட்


அம்மருட்
4 மார்ச்

தம்பி,

நான் ஒரு பிழை செய்துவிட்டேன். இரண்டு பிழை.

ஆஸ்பத்திரிப் படிவத்தில் குடும்பத்தில் மனநோய் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று அடையாளம் போட்டேன். ஓம் என்று போட்டால் மருந்து தரமாட்டார்கள் என்று பயம். அந்த ஓம் என்றைக்கும் கொம்பியூட்டருக்குள் கிடந்து, கரோலினா கல்யாணம் கட்டுகிற காலத்தில் யாராவது தோண்டி எடுப்பார்கள் என்றும் பயம். இங்கே அப்படி நடக்காது என்று அத்தான் சொல்கிறார். எனக்கு எங்கள் சனத்தைத் தெரியும்.

டொக்டரிடம் சொல்லாமலே நீ எழுதின மிச்சத்தை வாசித்தேன். வாசித்ததோடு நிற்கவில்லை. நீ சொன்ன மாதிரியே செய்தேன். தம்பி, எப்படிச் சொல்வேன்! மூன்றாம் நாள் காலையில் கால் இரண்டும் அவிழ்ந்த மாதிரி இருந்தது. நான் தனிய ரீ-பான நிலையம் வரைக்கும் நடந்தேன். குரோருட்டில் இறங்கி மரக்கறி வாங்கிக்கொண்டு வந்தேன். தவக்காலத்துச் சிலுவைப்பாதைக்குப் போய்ப் பதினாலு தலத்திலும் எழும்பி நின்றேன். கரோலினா என்னைப் பார்த்து, "அம்மா, நீங்கள் நடக்கிறது கேக்கேல்லை" என்றாள். காலை இழுக்கிற சத்தம் இல்லையாம்.

ஒரு கிழமை அப்படிப் போனது. பிறகு ஆவி குறைந்த மாதிரி இருந்தது. நீ வேண்டாம் என்று எழுதியிருந்தும் நூற்றெண்பத்தைந்து வைத்தேன். பிறகு நூற்றுத் தொண்ணூறு. போன வியாழன் இருநூற்றுப் பத்து.

அன்றைக்குப் பின்னேரம் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிறேன். யாரோ கூப்பிட்டார்கள். "அனஸ்ரா" என்று, படிக்கட்டில் இருந்து. கதவைத் திறந்தேன், ஒருவரும் இல்லை. முன்வீட்டு சோஃபியின் கதவைத் தட்டிக் கேட்டேன், அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். உள்ளே வந்து கதவைச் சாத்த, திரும்பவும் அதே குரல். இந்தமுறை சுவர்ப்பக்கம்.

எனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன் தம்பி. யோசேப்பு மாமா சொன்ன மாதிரியே.

அன்றோடு நிறுத்திவிட்டேன். இன்றைக்கு நாலாம் நாள். கால்கள் முன்னையதைவிட மோசம். அத்தானிடம் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் முடிந்து கரோலினா வருகிற நேரத்தில் நான் என் அறைக்குள் போய் இருந்துவிடுகிறேன். அவளைத் தொடப் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்ய?

அக்கா


வார்டோ
11 மார்ச்

அக்கா,

கடிதம் இன்றைக்குத்தான் கிடைத்தது. ஏழு நாள் தபாலில் கிடந்திருக்கிறது. வாசித்துவிட்டு வேலை உடுப்போடு பனிக்குள் போய் நின்றேன்.

என் தொலைபேசி இலக்கம் உறைக்குள் தனித் துண்டில் இருக்கிறது. உங்கள் இலக்கம் என்னிடம் இல்லை. சற்குணம் அண்ணையைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அவர் எடுக்கிறார் இல்லை. இந்தக் கடிதம் முந்துமோ நான் முந்துவேனோ தெரியாது. வெள்ளிக்கிழமை விமானத்துக்குப் பதிந்துவிட்டேன்.

குரல் திரும்பக் கேட்டால், அல்லது நித்திரை இல்லாமல் போனால், அத்தானிடம் சொல்லி உடனே அவசர வைத்தியத்துக்குப் போங்கள். வெட்கப்பட நேரமில்லை. நான் வெட்கப்பட்டு ஒன்பது மாதம் ஒருவருக்கும் சொல்லாமல் சுவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

டொக்டரிடம் நானே வருகிறேன். உங்களால் சொல்ல முடியாததை நான் சொல்கிறேன்.

ஒரு உதவி. பூ இருக்கிற அந்த மருந்துப் போத்தலை அத்தான் பூட்டி வைக்கட்டும். திறப்பு எங்கே என்று எனக்குத் தெரியக் கூடாது. அந்த வீட்டுக்குள் வர எனக்கு நடுக்கமாக இருக்கிறது. இருந்தாலும் வருகிறேன்.

அல்பிரட்


அம்மருட்
2 ஏப்ரல்

தம்பி,

நீ போய்ப் பதினான்கு நாள். தொலைபேசியை நிறுத்தி வைத்திருக்கிறாய். அதனால் திரும்பவும் கடிதம்.

முதலில் நல்லதை எழுதுகிறேன். அன்றைக்கு டொக்டர் ஜூலியாவின் அறையில் நீ எழும்பி நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்புவிக்கிற மாதிரி, "நான் இவவின் தம்பி, எனக்கு சைக்கோஸ் என்கிற மனநோய் வந்தது, எங்கள் மாமாவுக்கும் வந்தது, இவ பயத்தில் மறைத்துவிட்டா" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னாயே, அப்போது நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏசப் போகிறா என்று நினைத்தேன். அவ பேனையை வைத்துவிட்டு, "இதைச் சொல்ல ஒஸ்லோவின் அந்தத் தொங்கலில் இருந்து வந்தீர்களா?" என்று கேட்டா. "இல்லை, நோர்வேயின் தொங்கலில் இருந்து" என்று நீ சொன்னாய். அவ சிரித்தா. எனக்கு அழுகை வந்தது.

அவ சொன்ன மாதிரியே நடக்கிறது. மூன்று கிழமை எதுவும் இல்லை. அந்தக் குரல் அதற்குப் பிறகு வரவில்லை. இனித் தந்தாலும் தலையைக் குழப்புகிற சத்துக் குறைந்த வேறு வகைதானாம், பாதி அளவுதானாம். கிழமைக்கு ஒருதரம் தாதிக்குத் தொலைபேசியில் எல்லாம் சொல்ல வேண்டும். சின்ன மாற்றம் தெரிந்தாலும் நிறுத்துவார்களாம். நீ கருவியைக் கழற்றி எனக்குக் காட்டிய சல்லடையும் நினைவிருக்கிறது. தார் பூசின மாதிரி அடைத்துக் கிடந்தது. கழுவச் சொல்லி நீ எழுதியதை நான் வாசித்துவிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன். அதைக் கழுவியிருந்தால் சூட்டை ஏற்றியிருக்கமாட்டேன்.

இனி மற்றது. ஐந்தாம் நாள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது உன் பையும் இல்லை, நீயும் இல்லை. சொல்லாமல் போய்விட்டாய். மருந்துக்கடைக்குத் திருப்பிக் கொடுக்க என்று அத்தான் போத்தலைப் பெட்டியில் இருந்து எடுத்தபோது மூடி சரியாகப் பூட்டுப்படாமல் இருந்தது. திறந்து பார்த்தேன். மேலே இருந்த பெரிய பூ இல்லை.

நான் அத்தானிடம் ஒன்றும் சொல்லவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. இந்தமுறை கூப்பிடமாட்டேன். நீ உயிரோடு இருக்கிறாயா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அந்தப் பூ உன்னிடம் இருக்கிறதா? சுவருக்குள் ஆட்கள் திரும்ப வந்துவிட்டார்களா? ஒரு வரி எழுது. பொய் என்றாலும் எழுது.

அக்கா


வார்டோ
12 ஏப்ரல்

அக்கா,

ஓம், எடுத்தேன்.

திறப்பு அத்தானின் மற்ற யூனிபோர்ம் ஜாக்கெட்டில் இருந்தது. இரண்டாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. தேடவில்லை என்று சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். ஐந்தாம் நாள் நீங்கள் குளியலறையில் தண்ணீரைத் திறந்த சத்தம் கேட்டதும் என் கால் தானாக எழும்பி நடந்தது. கட்டைவிரல் நுனி அளவு ஒரு பூ. குசினியில் இருந்த ஈயத்தாளில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் போட்டேன். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

அம்மருட்டில் ரீ-பான ஏறினேன். கடைசித் தரிப்பு வரை போனேன். இறங்காமல் திரும்பி நகரத்துக்குப் போனேன். திரும்பவும் கடைசித் தரிப்பு. இப்படி மூன்று தரம். கை ஜாக்கெட் பொக்கற்றை விட்டு வெளியே வரவில்லை. விமானம் போயிருக்கும். யாரோ என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அது உண்மையிலேயே பார்வையா, பழைய வருத்தமா என்று எனக்கே தெரியவில்லை. அக்கா, அந்த நிமிடம் எனக்கு வந்த பயம் மாதிரி நான் ஒருநாளும் பயந்ததில்லை. ஒரு இழுவை. அதோடு பதினொரு வருடமும் போய்விடும். அது தெரிந்தும் கை அந்தத் தாளைத் தடவிக்கொண்டே இருந்தது.

ஸ்டோவ்னரில் இறங்கினேன். கடைத்தொகுதியில் ஒரு வாங்கில் குந்திக்கொண்டு மார்க்குக்குப் போன் அடித்தேன். என் குரலைக் கேட்டதுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"எங்கை வைச்சிருக்கிறாய்?"

"பொக்கற்றுக்குள்ளை."

"இழுத்தனியோ?"

"இல்லை."

"போனை வைக்காதை. எழும்பி நட. கழிப்பறை எங்கையெண்டு பார். நான் உன்னோடைதான் வாறன்."

நடந்தேன். உள்ளே போய்ப் பூட்டினேன். தாளை விரித்தேன். மணம் வந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. பிறகு அவர், "அல்பிரட், எனக்குத் தண்ணி போற சத்தம் கேக்கவேணும்" என்றார்.

போட்டேன். தண்ணீரை இழுத்துவிட்டேன். இன்னொருதரம் இழுக்கச் சொன்னார். இழுத்தேன். அடுத்த நாள் விமானத்தில் ஏறும்வரை அவர் மணித்தியாலத்துக்கு ஒருதரம் அடித்துக்கொண்டிருந்தார். வந்து இறங்கினதும் தொலைபேசியை அவரிடமே கொடுத்துவிட்டேன். ஒஸ்லோவில் பழைய ஆட்களின் இலக்கங்கள் எனக்கு இன்னும் மனப்பாடம்.

நான் இழுக்கவில்லை. ஆனால் எடுத்தேன். விமானத்தில் முழு வழியும் விரலை மணந்துகொண்டு வந்தேன். இதையும் எழுதாவிட்டால் நான் எழுதினது பொய்யாகிவிடும்.

கஞ்சாப் போத்தல் இருக்கிற வீட்டுக்கு நான் இனி வரமாட்டேன். அதற்காக நீங்கள் அதை விட வேண்டாம். டொக்டர் திரும்பத் தந்தால் எடுங்கள், அது உங்கள் மருந்து. எனக்கு அது மருந்தில்லை, அவ்வளவுதான். இனி எனக்கு எழுதும்போது அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதீர்கள். கேள்வி இருந்தால் தாதியிடம் கேளுங்கள். உங்களுக்கு இப்போது கேட்கத் தெரியும்.

அல்பிரட்


அம்மருட்
26 ஏப்ரல்

தம்பி,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும். அவர் எழும்பிப் போய் ஜாக்கெட்டின் பையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நான் கவனமில்லாமல் வைச்சிட்டன்" என்று சொல்லிக் கதிரையில் இருந்துவிட்டார். உன்னில் ஒரு குற்றமும் சொல்லவில்லை. கரோலினாவும் வாசித்தாள். பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது? வாசித்துவிட்டு, "மாமாவிடம் ஒருக்காய்ப் போவம்" என்றாள்.

நீ கேட்டபடி அதைப் பற்றி எழுதமாட்டேன். டொக்டரிடம் ஒன்றை மட்டும் கேட்டேன், அதைச் சொன்னால் பிழையில்லை. எதுவும் இல்லாமல், வெறும் குளிசையோடு நாலு நாள் என்னால் இருக்க முடியுமா என்று கேட்டேன். இருக்கலாம், ஆனால் கால் நன்றாக இறுகும், நோகும், விழக்கூடும் என்றா. எதற்காக என்று கேட்டா. "என் தம்பியின் வீட்டில் அது இருக்கக் கூடாது" என்றேன். இறுக்கத்துக்கு ஒரு குளிசை கூட்டித் தந்தா.

மே மாதம் ஒன்பதாம் தேதி நானும் கரோலினாவும் வார்டோவுக்கு வருகிறோம். விமானம் பதிந்தாகிவிட்டது. நீ வேண்டாம் என்று எழுதினால் இந்தமுறை நான் கேட்கப் போவதில்லை. கருவி இஞ்சேயே கிடக்கும். என் உடுப்புகள் எல்லாவற்றையும் இரண்டுதரம் தோய்த்துக் காயவிட்டிருக்கிறேன், மணம் இருக்கக் கூடாது என்று.

பயமில்லை என்று எழுத எனக்கு விருப்பம்தான். ஆனால் பயமாகத்தான் இருக்கிறது. சின்ன விமானமாம், காற்று அடித்தால் ஆடுமாம். நடுவழியில் கால் உதறத் தொடங்கினால் என்ன செய்வேன்? உன் வீட்டுக்கு வந்து, நான் இருப்பதாலேயே உனக்கு அந்த நினைவு வந்தால் என்ன செய்வேன்? அப்படி வந்தால் வாயைத் திறந்து சொல். மார்க் அண்ணையையும் சாப்பிடக் கூப்பிடு, அவருக்குப் பக்கத்தில் இருந்தால் எனக்கும் தெம்பாக இருக்கும். நண்டு கிடைத்தால் வாங்கி வை, நான் கதிரையில் இருந்தபடி சொல்லித் தருகிறேன், கரோலினா சமைப்பாள்.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாசல் வரைக்கும் அவர்கள் தள்ளிக்கொண்டு வருவார்கள். அங்கிருந்து காருக்குள் தூக்கி ஏற்றவும் ஆள் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ வந்து நில்.

அக்கா